கிள்ளான் பள்ளத்தாக்கின் ‘வல்லவன்’: பழசாகாத ஓர் ஆல்பம்

ஷா ஆலத்தில் ஒரு கல்யாண விருந்து. சாப்பாடு முடிந்து, பெரியவர்கள் வெற்றிலை மடிக்கும் நேரம். ஒலிபெருக்கியில் ‘மடை திறந்து’ தொடங்குகிறது. ஐம்பதைத் தாண்டிய மாமா ஒருவர் நாற்காலியில் சாய்ந்தபடியே கூடச் சேர்ந்து பாடுகிறார். சில நொடிகளில் தாளம் கனக்கிறது, பாட்டு பேச்சாக மாறுகிறது. இப்போது மேடைக்கு முன்னால் நிற்கும் இளைஞர்கள் கையை உயர்த்தி, ஒரு சொல் பிசகாமல் கூடவே ஒப்பிக்கிறார்கள். “இது எங்க காலத்துப் பாட்டுடா” என்கிறார் மாமா. “இல்ல மாமா, இது எங்க பாட்டு” என்கிறான் மருமகன்.

இருவர் சொல்வதும் சரி. மாமாவின் பாட்டு 1980இல் சென்னையில் பிறந்தது. மருமகனின் பாட்டு 2006இல் கோலாலம்பூரில் பிறந்தது. இரண்டையும் ஒன்றாகப் பின்னிய ஆல்பத்தின் பெயர் ‘வல்லவன்’. யோகி பி & நட்சத்ரா என்ற குழு வெளியிட்டது. யோகி பி என்று அறியப்படும் யோகேஸ்வரன் வீரசிங்கமும், டாக்டர் பர்ன், எம்சி ஜேஸ் என்ற இரண்டு இளம் பாடகர்களும் சேர்ந்த மூவர் கூட்டணி அது. பின்னால் சினிமாக் கதை கிடையாது. கதாநாயகன் கிடையாது. நடனக் காட்சிக்காக எழுதிய பாட்டும் கிடையாது. அதே 2006 தீபாவளிக்குச் சிலம்பரசன் இயக்கி நடித்த ‘வல்லவன்’ என்ற படமும் வந்தது. அத்தனை பெரிய சினிமா விளம்பரத்துக்கு நடுவே, அதே பெயரில் வந்த மலேசிய ஆல்பம் காணாமல் போயிருக்க வேண்டும். போகவில்லை. அது வந்தபோது பிறந்திராத பிள்ளைகளும் இன்று அதைத் தேடிக் கேட்கிறார்கள்.

ஓர் ஆல்பம் எப்படி இவ்வளவு காலம் தாங்குகிறது?

முதலில் அந்தப் பழைய பாட்டைப் பார்க்க வேண்டும். பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ 1980 தீபாவளிக்கு வெளியானது. வேலை கிடைக்காமல் நகரத்தில் அல்லாடும் இளைஞர்களின் கதை. அவர்களில் ஒருவன் இசையமைப்பாளனாக வேண்டும் என்று கனவு காண்கிறான். அந்தக் கனவு ஒரு நொடியில் கண்முன் விரிவதுதான் ‘மடை திறந்து’ பாட்டு. வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது. பாட்டின் நடுவே இளையராஜாவே திரையில் தோன்றுவார். வைரமுத்து என்ற கவிஞரைத் திரைக்குக் கொண்டுவந்ததும் இதே படம்தான். இவ்வளவு இருந்தும் படம் ஓடவில்லை. பாட்டு மட்டும் தப்பிப் பிழைத்தது. வாய்ப்புக் கிடைக்காத ஓர் இளைஞனின் கற்பனைக் கச்சேரி, படத்தைவிட நீண்ட ஆயுள் பெற்றுவிட்டது.

இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, கடல் தாண்டி, இன்னொரு நகரத்தில் வாய்ப்புக்குக் காத்திருந்த இளைஞர்கள் அந்தப் பாட்டையே கையில் எடுத்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அது ஒரு ரீமிக்ஸ். உண்மையில், பாட்டுக்குள் இருந்த ஏக்கத்தை அவர்கள் சரியாகக் கண்டுகொண்டார்கள். திரையில் அந்த இளைஞன் காணும் கனவை இவர்கள் தங்கள் குரலில், தங்கள் ஊர் அனுபவத்தோடு தொடர்ந்து சொன்னார்கள். அதனால்தான் மாமாவுக்கும் மருமகனுக்கும் அது பொதுச் சொத்து ஆனது.

அந்த ஊர் அனுபவம் என்ன என்பதற்கு ஷா ஆலமே சாட்சி. இன்று சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகரம். நீலக் கூரை வேய்ந்த பெரிய பள்ளிவாசல், அகலமான சாலைகள், தொழிற்சாலைகள், அடுக்கடுக்காகச் செக்‌ஷன்கள். ஒரு காலத்தில் இந்த இடத்துக்குச் சுங்கை ரெங்கம் என்று பெயர். ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்ட நிலம். 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிந்ததும் சிலாங்கூருக்குப் புதிய தலைநகரம் தேவைப்பட்டது. 1978இல் ஷா ஆலம் அந்த இடத்தைப் பிடித்தது. பால்மரங்கள் சாய்ந்தன. செக்‌ஷன் 7இல் இருக்கும் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் அந்தத் தோட்டம் இன்னும் வாழ்கிறது. பெயர்ப்பலகையில் தோட்டம் உண்டு, சுற்றிலும் நகரம்.

சிலாங்கூர் முழுவதும் இதுதான் நடந்தது. தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறின. லயத்து வீட்டில், ஒரே முற்றத்தில், கோயில் திருவிழாவோடும் பள்ளிக்கூடத்தோடும் வளர்ந்த குடும்பங்கள் மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. தாத்தா பால் வெட்டினார், அப்பா தொழிற்சாலையில் ‘ஷிப்ட்’ பார்த்தார், மகன் நாலாவது மாடி நடைபாதையில் நின்று தன்னை யார் என்று கேட்டுக்கொண்டான். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், தொலைக்காட்சியில் ஆங்கிலம். வானொலியில் கேட்ட தமிழ்ப் பாட்டெல்லாம் சென்னைக்காரன் கதை. செய்தித்தாளில் இவனைப் பற்றி வந்தது பெரும்பாலும் குண்டர் கும்பல் செய்திதான். அந்தப் பையனைப் பார்த்து ‘வல்லவன்’ என்று ஓர் ஆல்பம் பேசியது. வல்லவன் என்றால் திறமை உள்ளவன். அந்த ஒரு சொல்லே அப்போது அவனுக்குப் பெரிய மரியாதை.

மலேசியத் தமிழர்கள் இசையில் அதற்கு முன்பே கொடி நாட்டியிருந்தார்கள். பினாங்கில் பிறந்த லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும் ‘அலிகேட்ஸ்’ குழுவோடு எழுபதுகளின் கடைசியிலிருந்து மலாய்ப் பாட்டுலகையே கட்டி ஆண்டார்கள். பந்துபோலச் சுருண்ட முடியும் கனிந்த குரலுமாக அவர்கள் பாடிய மலாய்க் காதல் பாட்டுகள் இன்றும் அந்நாட்டில் எல்லா இனத்தாரின் வீட்டிலும் ஒலிக்கின்றன. ஆனால் அவர்கள் வென்றது மலாய் மொழியில். தமிழில் சொந்தப் பாட்டுப் போட்ட டார்க்கி நாகராஜாவின் ‘தி கீஸ்’ போன்ற குழுக்களுக்கு உள்ளூரில் நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயர் கடல் தாண்டுவதுதான் பெரும்பாடு.

யோகி பியும் நேரே தமிழுக்கு வந்துவிடவில்லை. தொண்ணூறுகளில் அவர் ‘பொயட்டிக் அம்மோ’ என்ற ராப் குழுவில் இருந்தார். மலேசிய ராப் இசை கொடிகட்டிப் பறக்கத் தொடங்கிய காலம் அது. ‘டூ ஃபாட்’ போன்ற குழுக்கள் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம். 1998இல் வந்த பொயட்டிக் அம்மோவின் முதல் ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், தமிழ், கேண்டனீஸ் என நான்கு மொழிகளில் பாட்டுகள் இருந்தன. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒரு சாப்பாட்டுக் கடையில் அரைமணி உட்கார்ந்தால் காதில் விழும் அதே நான்கு மொழிகள். அந்தப் பயிற்சி பிறகு கைகொடுத்தது. எந்த மொழியில் எந்தத் தாளம் உட்காரும், எங்கே இடறும் என்று பழகிய பிறகுதான் அவர் முழுத் தமிழ் ஆல்பத்துக்கு வந்தார்.

தமிழில் ராப் அதற்கு முன் இல்லாமல் இல்லை. 1994இல் ‘காதலன்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் வந்த ‘பேட்ட ராப்’ பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. ஆனால் அது படத்தில் ஒரு கலகலப்பான பாட்டு. ஓர் ஆல்பம் முழுவதும் தமிழ்ச் சொல்லை நம்பி, ராப்பை வேடிக்கையாக்காமல் முதன்மைக் கலையாகவே நிகழ்த்திக் காட்டியதுதான் ‘வல்லவன்’ செய்த வேலை.

இங்கே கொஞ்சம் நின்று, அந்தச் சொற்கட்டைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஆங்கில ராப் பெரும்பாலும் வரியின் கடைசி ஓசையை நம்பி நிற்கிறது. தமிழில் அதற்குப் பெயர் இயைபு. ஆனால் தமிழ்ச் செய்யுளின் உயிர் வரியின் தொடக்கத்தில் இருக்கிறது. ‘பாடம், கூடம், மாடம்’ என்று இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. ‘காடு, காற்று, காலம்’ என்று முதல் எழுத்து ஒன்றினால் மோனை. ஆக, தமிழில் ராப் பாடுபவன் கையில் மூன்று ஆயுதங்கள். வரியின் தலையிலும் தட்டலாம், கழுத்திலும் தட்டலாம், காலிலும் தட்டலாம். போதாக்குறைக்கு ‘ட்ட, க்க, ற்ற, ப்ப’ என்று இரட்டிக்கும் வல்லெழுத்துகள். அவற்றை வேகமாகச் சொன்னால் வாயே தோல்கருவி ஆகிவிடும். கச்சேரி மேடையில் வாயால் தாளம் சொல்லும் கொன்னக்கோல் கேட்டவர்களுக்கு இது புரியும். யோகி பியின் கனத்த குரல் அந்த வல்லெழுத்துகளின் மேல் அழுத்தி நிற்க, மற்ற இருவரும் வேகம் கூட்டி ஓடுவார்கள். கேட்பவர் முதல் முறை தாளத்தில் மயங்குகிறார். மூன்றாவது முறை சொல் பிடிபடுகிறது. பத்தாவது முறை எதுகை எங்கே விழுந்தது என்று தெரிகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதோ ஒன்று கையில் சிக்குகிறது. திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது இதுதான்.

ஓர் ஆல்பம் எப்படி இவ்வளவு காலம் தாங்குகிறது என்ற இதே கேள்வியை உலகம் இன்னோர் ஆல்பத்தைப் பற்றியும் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. கோலாலம்பூரின் பேரங்காடிகளில் கறுப்புச் சட்டையில் மலைமலையாக வெள்ளைக் கோடுகள் போட்ட இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படம் 1979 ஜூனில் இங்கிலாந்தில் வெளியான ‘அன்னோன் பிளெஷர்ஸ்’ ஆல்பத்தின் அட்டை. ‘ஜாய் டிவிஷன்’ என்ற குழுவின் முதல் ஆல்பம். அந்தக் கோடுகள் 1967இல் ஜோஸ்லின் பெல் கண்டுபிடித்த முதல் பல்சர் விண்மீனின் வானொலித் துடிப்புகள். ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் கண்ட படத்தைக் குழுவில் ஒருவர் எடுத்துக் கொடுக்க, வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் அட்டையாக்கினார்.

அந்தக் குழு பிறந்த ஊர் மான்செஸ்டர். பஞ்சாலைகளால் உலகை ஆண்டு, பிறகு ஆலைகள் மூடிக் களையிழந்த நகரம். 1976இல் அங்கே ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ குழு ஒரு சிறிய கூட்டத்துக்கு முன்னால் கச்சேரி செய்தது. இசை படித்திருக்க வேண்டாம், கோபமும் துணிச்சலும் போதும் என்று காட்டிய பங்க் இசை அது. கேட்க வந்திருந்த பீட்டர் ஹூக்கும் பெர்னார்ட் சம்னரும் வீடு திரும்பியதும் குழு தொடங்கத் துணிந்தார்கள். பங்க் கொடுத்த துணிச்சலை வைத்துக்கொண்டு, அதன் கூச்சலை விட்டுவிட்டு, உள்ளுக்குள் ஆழமாகப் போன இசைதான் போஸ்ட்-பங்க்.

ஆல்பத்தை உருவாக்கிய தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட், மேளத்தின் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். ஒலிப்பதிவுக் கூடத்து மின்தூக்கியின் சத்தத்தையும் கண்ணாடி உடையும் சத்தத்தையும் பாட்டுக்குள் வைத்தார். கேட்டால், ஆளில்லாத ஆலைக்குள் நடப்பது போன்ற வெறுமை. மேடையில் வெறியோடு வாசிக்கும் சம்னருக்கும் ஹூக்குக்கும் அந்த ஒலி முதலில் பிடிக்கவே இல்லை. ‘ஃபாக்டரி’ என்ற சிறு நிறுவனம் முதலில் அச்சிட்டது பத்தாயிரம் தட்டுகள். வந்த நேரத்தில் விற்பனைப் பட்டியலில் இடம் பிடிக்கவில்லை. பாடகர் இயன் கர்டிஸ் 1980 மே மாதம் தன் 23ஆம் வயதில் தற்கொலை செய்துகொண்டார். மீதியிருந்தவர்கள் ‘நியூ ஆர்டர்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு வேறு இசைக்குப் போனார்கள். அந்த ஆல்பமோ அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு தலைமுறையிலும் புதுக் காதுகளைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

மான்செஸ்டரின் இருட்டும் கிள்ளான் பள்ளத்தாக்கின் வெயிலும் வேறுவேறு. ஒன்று மனம் நொறுங்கும் குரல், மற்றது நெஞ்சை நிமிர்த்தும் குரல். ஆனால் இரண்டு ஆல்பங்களையும் தாங்கும் தூண்கள் ஒன்றே. இரண்டும் தொழில் மாறி உருக்குலைந்த ஓர் ஊரின் பிள்ளைகள் செய்தவை. ஆலை போன ஊர் அது, தோட்டம் போன ஊர் இது. இரண்டும் வேறிடத்தில் பிறந்த கலையை வாங்கி, சொந்த மண்ணின் குரலாக்கின. மான்செஸ்டர் லண்டன் பங்க்கை வாங்கியது. கோலாலம்பூர் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1973இல் ஒரு விருந்தில் முளைத்த ஹிப்-ஹாப்பை வாங்கியது. இரண்டும் சந்தை என்ன கேட்கிறது என்று பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. சந்தை கேட்டதைக் கொடுத்த ஆல்பம் அந்தச் சந்தையோடு போய்விடும். ஓர் ஊரின் நெஞ்சில் இருந்ததைச் சொன்ன ஆல்பத்துக்கு, அதே நெஞ்சோடு பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் புது ரசிகர்.

‘வல்லவன்’ வந்த நேரமும் அதற்கு உதவியது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பூமாலைக் கடைக்கும் முறுக்குக் கடைக்கும் இடையே பாட்டுக் குறுந்தட்டுக் கடைகள் சத்தமாக இயங்கிக்கொண்டிருந்த கடைசி ஆண்டுகள் அவை. கிள்ளானிலிருந்து ஷா ஆலம், சுபாங் ஜெயா வழியாகப் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துக் கேஎல் சென்ட்ரலுக்கு ஓடும் கொமுட்டர் ரயில் இந்த இரண்டு தெருக்களையும் ஒரே கோட்டில் இணைத்தது. அதே நேரத்தில் யூடியூப் தலையெடுத்தது. கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குப் பாட்டு தாவத் தொடங்கியது. குறுந்தட்டும் இணையமும் சந்தித்த முச்சந்தியில் ‘மடை திறந்து’ நின்றது. மலேசியத் தமிழ்ப் பாட்டு ஒன்று சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் டொரண்டோவுக்கும் எந்தப் படத்தின் துணையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

விளைவு அடுத்த ஆண்டே தெரிந்தது. 2007 தீபாவளிக்கு வெற்றிமாறனின் முதல் படம் ‘பொல்லாதவன்’ வந்தது. 1979இல் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்துக்கு எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்த ‘எங்கேயும் எப்போதும்’ பாட்டை யோகி பி அதில் புதுப்பித்தார். அன்று பாடிய எஸ்.பி.பி.யே மீண்டும் வந்து பாடினார், யோகி பி ராப் சொன்னார். இத்தனை நாள் சென்னைப் பாட்டு மலேசியாவுக்கு வந்தது. இப்போது மலேசியக் குரல் சென்னைக்குப் போனது. 2011இல் ‘ஆடுகளம்’, 2017இல் ‘விவேகம்’ என்று அந்தப் பயணம் தொடர்ந்தது.

அதைவிடப் பெரிய விளைவு, கேட்ட பிள்ளைகள் பாடத் தொடங்கியது. கோவையிலிருந்து கிளம்பிய ‘ஹிப்ஹாப் தமிழா’ ஆதி 2012இல் ‘ஹிப் ஹாப் தமிழன்’ ஆல்பம் போட்டார். தமிழ்நாட்டில் ராப் தனிக் கலையாக வேர்விட அது பெருங்காரணம். அவர் தன் முன்னோடியாகச் சொல்லிவரும் பெயர் யோகி பி. 2016இல் மலேசியத் தமிழர் கதையாக ‘கபாலி’ வந்தபோது, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் கிள்ளான் பள்ளத்தாக்கு ராப் பாடகர் ரோஷன் ஜாம்ராக்கை ரஜினியின் அறிமுகப் பாட்டில் பாட வைத்தார். இவர்களில் ஒருவரைக் கேட்டுவிட்டு, இது எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் போகும் ரசிகர், நாலு எட்டில் 2006இல் வந்து நிற்கிறார். புது ரசிகர்கள் சேர்ந்துகொண்டே இருப்பதற்கு இதுவும் காரணம். ஆறு எங்கே பாய்ந்தாலும் ஊற்றைத் தேடி வருபவர்கள் உண்டு.

இவ்வளவு செய்த ஆல்பத்துக்கு நாம் திருப்பிச் செய்தது குறைவு. தமிழ் இசையின் வரலாறு என்றால் இன்னும் சென்னைத் திரையிசையின் வரலாறு என்றே எழுதுகிறோம். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, கனடா என்று தமிழர் பாடிய தனிப்பாட்டுகள் ஓரக்குறிப்பாகவே நிற்கின்றன. ஒலிநாடாவும் குறுந்தட்டும் விற்ற கடைகள் பல, வேறு வியாபாரத்துக்கு மாறிவிட்டன. இணையத்தில் பாட்டுக் கிடைக்கிறது. ஆனால் யார் வாசித்தார், யார் எழுதினார், எந்தக் கூடத்தில் பதிவானது என்ற விவரங்கள் உறையோடு வந்த சின்னப் புத்தகத்தில்தான் இருந்தன. அந்தக் காகிதம் பழுத்துக் கிழிந்தால் அந்தப் பெயர்களும் போய்விடும்.

கிள்ளானிலோ ஷா ஆலத்திலோ உங்கள் வீட்டு அலமாரியில், பழைய கல்யாண வீடியோக்களுக்குப் பக்கத்தில், அந்தக் காலத்து மலேசியத் தமிழ்க் குறுந்தட்டுகள் இருக்கலாம். தூக்கிப் போடாதீர்கள். உறையையும் உள்ளிருக்கும் புத்தகத்தையும் படம் எடுத்து வையுங்கள். முடிந்தால் இந்த வாரம் பிள்ளைகளோடு உட்கார்ந்து, முதலில் 1980இன் ‘மடை திறந்து’, அடுத்து 2006இன் ‘மடை திறந்து’ என்று இரண்டையும் வரிசையாகக் கேளுங்கள். முன்னதைப் பற்றி நீங்கள் அவர்களுக்குச் சொல்லுங்கள். பின்னதைப் பற்றி அவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள்.